பட்டாம்பூச்சிகளோடு பேசியவர்

வெள்ளிக்கிழமை காலை வகுப்பறையைப் பெருக்கி முடித்துவிட்டுப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அதை எடுப்பது எனக்குப் பிடிக்காது. அடித்து ஓயட்டும் என்று நின்றேன். ஓய்ந்தது, உடனே மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"ஜெரினாவோட அண்ணன் பேசறேன்" என்றது ஓர் ஆண் குரல். "அவ இனிமே வரமாட்டா. மௌத்தாயிட்டா. ராத்திரி தலவலின்னு படுத்தா, காலைல எழுந்திரிக்கல. ஜும்மா தொழுகை முடிஞ்சதும் எடுக்கறோம். அங்க யாருக்காச்சும் சொல்லணும்னா சொல்லிடுங்க."

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவர் வைத்துவிட்டார். அவருக்கு இன்னும் எத்தனை வீடுகளுக்குச் சொல்ல வேண்டியிருந்ததோ. "யாருக்காச்சும்" என்ற சொல் மட்டும் காதில் நின்றது. தாம்பரத்தில் தன் தங்கையை யாருக்குத் தெரிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் பயிற்சி மையத்தில் படித்தவர்கள் சேர்ந்து ஜெரினா மேடத்துக்காக ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். இரங்கல் கூட்டத்தில் ஏதாவது பேசு என்று என்னிடம் கேட்டார்கள். பேச வராது, எழுதித் தருகிறேன் என்றேன். மாலை வகுப்பில் படித்தவர்கள் பலரும் மேடத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். ஆனால் அவர்கள் அவரைப் பலகைக்கு முன்னால்தான் பார்த்திருக்கிறார்கள். பலகைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் அவரைப் பார்த்தவள் நான் மட்டும்தான்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. நீளமான ஓர் அறை, எழுதுபலகை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜன்னலுக்கு வெளியே ரயில் நிலையம். கடற்கரை வண்டி எந்த நடைமேடையில் வருகிறது என்ற அறிவிப்பு வகுப்புக்குள் தெளிவாகக் கேட்கும். அது முடியும்வரை மேடம் பேச்சை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். அந்த அறிவிப்புப் பெண்மணியும் நம்மோடு வேலை பார்ப்பவர்தான், அவர் பேசும்போது நாம் குறுக்கிடக் கூடாது என்பார்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது. ஒருநாள் போகவில்லை, பிறகு போகவேயில்லை. என் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். என்னைக் கூட உட்கார வைத்துப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் ஒருநாள் அம்மா புலம்பினார்: "படிக்கவும் போவல, கூவி விக்கவும் வாய் வல்ல. இத்த வச்சிகினு நான் இன்னா பண்றது?" மேலே பெருக்கவும் வருகைப் பதிவேடு எடுக்கவும் ஜெராக்ஸ் போடவும் ஆள் தேடுகிறார்கள் என்று கடைக்காரர்தான் சொல்லி அனுப்பினார்.

மையத்தின் உரிமையாளர் பாஸ்கர் சார் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். சத்தமா சொல்லும்மா என்றார். மறுபடி சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து என் அருகில் வந்து, காதை என் வாய்க்கு நேராகச் சாய்த்தார். "அமுதாவாம் சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டு இடத்துக்குத் திரும்பினார். அவர்தான் ஜெரினா மேடம்.

நாற்பதை ஒட்டிய வயது. மெலிந்த உடல், கனமான கண்ணாடி. அனகாபுத்தூரில் அண்ணன் வீட்டில் இருந்து வந்தார். அண்ணன் சோபா தைக்கும் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் கல்யாணமாகி, அது நிலைக்காமல் திரும்பி வந்தவர் என்று பாஸ்கர் சார் ஒருமுறை சொன்னார். மேடம் தானாக அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. மாடி ஏறி வந்ததும் புர்காவைக் கழற்றி மடித்து அலமாரியில் வைப்பார். பிறகு ஜெராக்ஸ் மெஷினும் தண்ணீர் கேனும் இருந்த பின்னறைக்குப் போய்விடுவார். வகுப்பு தொடங்கும்வரை வெளியே வர மாட்டார். பாடம் தயார் செய்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் காகிதம் எடுக்க உள்ளே போனேன். மேடம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை. சற்று நேரத்தில் குளியலறைக்குள் ஓடினார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

"தெனமும் இப்படித்தான் அமுதா. அவங்க முன்னாடி போய் நிக்கணும்னு நெனச்சாலே வந்துடும். போய் நின்னு ஒரு நிமிஷம் ஆச்சுன்னா சரியாயிடும்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லிடாத. சிரிப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "சிரிச்சாக்கூடப் பரவால்ல. பயந்துடுவாங்க."

நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து மேடம் குளியலறைக்குப் போகும் நேரம் பார்த்து ஜெராக்ஸ் மெஷினை ஓட விடுவேன். அது பழைய மெஷின். நெல் அரைப்பது போலச் சத்தம் போடும். அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு வேறு எதுவும் கேட்காது. மேடம் அதைக் கவனித்தாரா என்று பல நாள் எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர், "காகிதம் வீணாகுது. வெறுமனே மூடியைத் தொறந்து ஓட்டு" என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அவர் வகுப்பு முடியும்வரை எதுவும் சாப்பிட மாட்டார். முடிந்ததும் கீழே பேக்கரியில் பன் வாங்கி வரச் சொல்வார். இருவரும் பின்னறையில் ஆளுக்கொன்று சாப்பிடுவோம். அந்த நேரத்தில் அவர் முகம், பரீட்சை முடிந்து வெளியே வந்த பிள்ளையின் முகம் போலிருக்கும். மறுநாள் மறுபடியும் அதே சுவர், அதே வேர்வை. பதினோரு வருடமாக இப்படித்தான் என்று பிறகு ஒரு நாள் அவரே சொல்லத்தான் போகிறார். அதைச் சொல்ல நேர்ந்த விதத்தைத்தான் இங்கே எழுத வேண்டும்.

இப்போது எங்கே பார்த்தாலும் கால்சென்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். டிகிரி முடித்த பிள்ளைகள், முடிக்காத பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை; எழுதச் சொன்னால் எழுதுவார்கள். வாயைத் திறக்கத்தான் முடியாது. மேடத்தின் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பேச எழுந்து வருபவர், பயம் உடம்பில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். முழங்காலில் என்று ஒருவர் சொல்வார். உள்ளங்கையில் என்று இன்னொருவர். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் பேச்சு. பெரும்பாலானோருக்கு அது வயிற்றில்தான் இருந்தது.

அதனால் ஒருநாள் பலகையில் ஒரு வாக்கியம் எழுதிப் போட்டார்: ஐ ஹேவ் பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக். பக்கத்தில் ஒரு பட்டாம்பூச்சியும் வரைந்தார். மேடத்துக்கு ஓவியம் வராது.

"மேடம், அது பட்டாம்பூச்சியா சீலிங் ஃபேனா?" என்றான் மாடம்பாக்கத்திலிருந்து வரும் மணிகண்டன். வகுப்பில் வாய் அடங்காதவன் அவன்தான். ஆனால் அந்த வாய் தமிழில் மட்டும்தான் ஓடும்.

வெள்ளைக்காரர்கள் மனம் பதறும்போது வயிற்றுக்குள் பட்டாம்பூச்சிகள் பறப்பதாகச் சொல்வார்கள் என்று மேடம் விளக்கினார். பட்டாம்பூச்சி அழகாயிற்றே, அதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்று சுகன்யா கேட்டாள். அவள் அப்பா திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை செய்பவர். வகுப்பில் என்னைப் போலவே சத்தம் இல்லாத பெண் அவள்.

"நம்ம வயித்துலன்னா புளியத்தான் கரைக்கும், மேடம்" என்றான் மணிகண்டன். "அவங்களுக்குப் பட்டாம்பூச்சி, நமக்குப் புளி. பொறந்த எடம் அப்படி."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். பிறகு சொன்னார், இங்கிலீஷில், நிதானமாக, எனக்கே புரியும்படி: புளியைக் கரைத்தால் ரசம் வைக்கத்தான் முடியும், பட்டாம்பூச்சிகளை ஒரே திசையில் பறக்கப் பழக்கலாம். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சற்று முன்னர்தான் பின்னறையில் அவருக்காக மெஷினை ஓட்டியிருந்தேன்.

அந்த வாக்கியம் வகுப்புக்குப் பிடித்துப்போயிற்று. முழங்கால், உள்ளங்கை எல்லாம் மறைந்து, எழுந்து வருகிறவர்கள் எல்லோரும் பட்டாம்பூச்சியோடுதான் வந்தார்கள். அதைச் சொன்னவுடன் அடுத்த வாக்கியம் தானாக வந்தது. சுகன்யாவுக்கே வந்தது. மேடத்துக்கு அதில் பெரிய சந்தோஷம். அங்கேதான் தவறு நடந்தது.

வேளச்சேரி சாலையில் ஒரு பெரிய கம்பெனியில் நேர்முகத் தேர்வு என்று அந்த வகுப்பிலிருந்து ஒரு கூட்டமே கிளம்பிப் போனது. முதலில் உள்ளே போனவன் மணிகண்டன். உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். பழக்க தோஷம், "சார், ஐ ஹேவ் பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்" என்றுதான் தொடங்கினான். தேர்வு செய்ய வந்தவர்கள் சிரித்து, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்களாம். அடுத்துப் போனவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் எல்லாம் ஒரே தோட்டத்திலிருந்தா வருகிறீர்கள் என்று ஓர் அம்மையார் கேட்டாராம். சுகன்யா கடைசியில் போனாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "யூ டூ?" என்றார்களாம். சிரிப்பு அறைக்கு வெளியேயும் கேட்டதாம். அவள் எழுந்து வந்துவிட்டாள். அன்று எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரையும் எடுக்கவில்லை.

மணிகண்டன் இதை ஒரு நாடகமாகவே நடித்துக் காட்டினான். மேடம் சிரிக்கவில்லை. சுகன்யா எங்கே என்று மட்டும் கேட்டார். சுகன்யா வரவில்லை. அவளுக்குப் பதிலாக அவள் அப்பாதான் வந்தார், பட்டறை உடையோடு, கையில் கிரீஸ் கறையோடு. பாஸ்கர் சாரிடம் அவர் சத்தம் போட்டது கீழே மருந்துக்கடைவரை கேட்டது. அவரைப் பார்த்து இன்னும் சில பெற்றோரும் வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டி விளக்கம் சொல்வது என்று முடிவாயிற்று. அதற்கு முன் பாஸ்கர் சார் மேடத்தைக் கூப்பிட்டுப் பேசினார். நான் அங்கேதான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள்தான் பதற்றத்தில் உளறிவிட்டார்கள், வகுப்பில் அப்படிச் சொல்லித் தரவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றார். அப்படிச் சொன்னால் விஷயம் அதோடு முடிந்துவிடும். குரோம்பேட்டையில் இருந்து ஒரு சார் வேலை கேட்டுக்கொண்டிருக்கிறார், வீடியோ போட்டு நடத்துவாராம், எனக்கு அவரை எடுக்க மனசில்லை, என்னை அந்த நிலைமைக்குத் தள்ளாதீர்கள் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மையம் நடக்க வேண்டும்.

மேடத்துக்கு அந்த வகுப்பைத் தவிர வேறு எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஈத் அன்று மட்டும்தான் அவர் வராமல் இருந்து பார்த்திருக்கிறேன். வகுப்பு இல்லாத நாள்களிலும் அலமாரியைத் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்துவிடுவார். அவர் பேசும் ஒரே இடம் அது. அது போய்விடுமோ என்றுதான் அந்த வாரம் முழுவதும் நான் பயந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் அவர் வெகுநேரம் நின்றார். நான் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே நாற்காலிகள் நிரம்பி ஆட்கள் சுவரோரம் நிற்பது தெரிந்தது. கிளம்பும்போது, "நீ முன்னால வந்து உக்காரு. உன்னப் பாத்துப் பேசினா எனக்கு ஒரு ஆளுகிட்ட பேசற மாதிரி இருக்கும்" என்றார். நான் முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் முதல் வரிசையில் உட்கார்ந்தது அன்றுதான்.

பலகைக்கு முன்னால் நின்று மேடம் தமிழ் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று தமிழில்தான் தொடங்கினார்.

"உங்க புள்ளைங்க மேல தப்பில்ல. நான் சொல்லிக் குடுத்ததத்தான் சொன்னாங்க. க்ளாஸுக்குள்ள சொல்ல வேண்டியது எது, வெளிய சொல்ல வேண்டியது எதுன்னு நான் பிரிச்சுச் சொல்லல. அது என்னோட தப்பு."

பாஸ்கர் சார் தலையைக் குனிந்துகொண்டார். சுகன்யாவின் அப்பா எழுந்தார்.

"இன்னா மேடம், சுளுவா சொல்லிட்டீங்க? எம்பொண்ணு வூட்டவிட்டு வெளிய வர மாட்டேன்னு குந்திகினு கீது. பயம் போவணும்னுதான உங்காண்ட அனுப்பினேன். அதுங்களுக்கு பயத்தப் பத்தியே பாடம் நட்த்தினா எப்பிடி போவும்?"

"போகாது சார்" என்றார் மேடம்.

அவர் கை வயிற்றுக்குப் போயிற்று, பாதியில் எடுத்துக்கொண்டார்.

"எனக்குப் பதினோரு வருஷமாப் போகல. இங்க வந்து நிக்கறதுக்கு முன்னாடி தெனமும் வாந்தி எடுத்துட்டுத்தான் வரேன். இன்னிக்கும் எடுத்தேன். பயத்தப் போக்க எனக்குத் தெரியாது. அத வச்சிக்கினே பேசத்தான் தெரியும். அதத்தான் சொல்லித் தரேன்."

பின்னாலிருந்து யாரோ, தனக்கே பயமாம், இவங்க வாத்தியாராம் என்று சொன்னது கேட்டது. சுகன்யாவின் அப்பா நின்றபடி மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போய்விட்டதா, கூடிவிட்டதா என்று தெரியவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் பின்னால் பலரும் போனார்கள்.

மறுவாரம் குரோம்பேட்டை சார் வந்துவிட்டார். மேடம் நடத்திய காலை வகுப்புகள் எல்லாம் அவருக்கு. மேடத்துக்கு மாலை வகுப்பு ஒன்றுதான் மிஞ்சியது. அதிலும் பாதி நாற்காலிகள் காலி. அந்தக் காலி நாற்காலிகளை எடுத்து அடுக்கிவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், வருவாங்க என்றார். சில நாள்கள் கழித்து ஒரு மாலை சுகன்யா வந்து உட்கார்ந்தாள். யார் அனுப்பியது என்று மேடம் கேட்டார். அப்பாதான் என்றாள் அவள். அந்த மேடம் பொய் சொல்லாது, அங்கயே போ என்றாராம்.

அதன் பிறகுதான் மேடம் அந்தப் புதிய வழக்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் நேர்முகத் தேர்வுக்குப் போகும் நாளில் அவரும் பேருந்து பிடித்துப் போவார். கம்பெனி வாசலுக்கு எதிரில் இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொள்வார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவரிடம் வந்து, பட்டாம்பூச்சி வாக்கியத்தை அவர் முன்னால் சொல்லிவிட்டுத்தான் சாலையைக் கடக்க வேண்டும். "டேக் தெம் வித் யூ" என்பார் மேடம். கூட்டிக்கொண்டு போ, விட்டுவிட்டுப் போகாதே என்று அர்த்தம். பேருந்துக்கு நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கடைசிப் பிள்ளை வெளியே வரும்வரை அவர் நின்றுகொண்டிருப்பார். வெயிலாக இருந்தாலும் சரி, மழையாக இருந்தாலும் சரி. மணிகண்டனுக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். சுகன்யாவுக்கும் அப்படித்தான்.

ஒருநாள் ஒரு பையன் சான்றிதழ்களை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். நான் எடுத்துக்கொண்டு போனேன். நிறுத்தத்தில் மேடம் தனியாக உட்கார்ந்திருந்தார். பையனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு நானும் அவர் அருகில் உட்கார்ந்தேன். பேருந்துகள் வந்து நின்று, நாங்கள் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போயின.

எனக்கு வெகுநாளாக ஒரு கேள்வி இருந்தது. கேட்டேன். "வீட்லயும் உங்களுக்கு இப்படி வயித்தக் கலக்குமா மேடம்?"

"வீட்லயா?" என்று யோசித்தார். "வீட்ல கலக்காது. அங்க நான் பேசறதில்லல்ல."

சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் நல்லவர்தான், அண்ணியும் குறை வைத்ததில்லை என்று பிறகு சொன்னார். திரும்பி வந்த புதிதில் எதைச் சொன்னாலும் சண்டையாகிவிடுமோ என்று பேசாமல் இருந்தாராம். அப்புறம் பேசாமல் இருப்பது வழக்கமாகிவிட்டதாம். "இப்பப் போய்ப் பேசினா அவங்க பயந்துடுவாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதைவிடத் தனிமையான ஒன்றை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அன்று அந்த நிறுத்தத்தில் எங்கள் இருவருக்கும் அது சிரிக்கும்படியாகத்தான் இருந்தது.

அந்தத் தொலைபேசி வந்ததற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை, மேடம் தலைவலி என்றார். எப்போதும் நின்றே நடத்துகிறவர் அன்று நாற்காலி கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடம் நடத்தினார். பன் வேண்டாம், நீ சாப்பிடு என்றார். மாத்திரை வாங்கி வரட்டுமா என்றேன். தூங்கினால் சரியாகிவிடும் என்று புர்காவை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அண்ணன் தொலைபேசியை வைத்த பிறகு நான் மணிகண்டனை அழைத்தேன். மேடம் பெயரைச் சொன்னேன், அதற்கு மேல் வரவில்லை. அவன் புரிந்துகொண்டான். அனகாபுத்தூரில் எங்கே என்று மட்டும் கேட்டான், பதிவேட்டைப் பார்த்து முகவரியைச் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சந்து முழுக்க ஆட்கள். ஆண்கள் வெளியே பந்தலில் இருந்தார்கள். பெண்கள் இருந்த உள்ளறையில் மேடத்தை வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். கண்ணாடி இல்லாத அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்பே சுகன்யா வந்திருந்தாள். கம்பெனி அடையாள அட்டையைக் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

தொழுகை முடிந்து எடுக்க வந்தார்கள். மேடத்தை வைத்த சந்தூக் பெட்டியைத் தூக்கியபோது வாசலில் ஒரு சலசலப்பு. எட்டிப் பார்த்தேன். முழுக்கைச் சட்டையும் ஷூவுமாக இளைஞர்கள் கூட்டமாக நின்றார்கள். தலையை மறைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் கைக்குட்டையைத் தலையில் கட்டியிருந்தார்கள். மணிகண்டனின் முடிச்சு அவிழ்ந்து விழ, பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் அதை இறுக்கிக் கட்டிவிட்டார். தோள் கொடுக்கலாமா என்று அவன் கேட்டான். மேடத்தின் அண்ணன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாருப்பா நீங்கல்லாம்?"

"மேடத்தோட ஸ்டூடன்ட்ஸ் பாய்" என்றான்.

அண்ணனுக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் முன்பக்கம் இருந்த தன் இடத்தை விட்டு விலகி, அவனுக்குக் கொடுத்தார். சந்து மிகக் குறுகலானது. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறி மாறி மேடம் திருப்பத்தைக் கடந்து போனார்.

வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினோம். மேடத்தின் அண்ணி என் அருகில் வந்து உட்கார்ந்தார். அழுது அழுது அவருக்குக் குரல் கம்மியிருந்தது.

"அத்தினி பசங்களுக்கு அவ என்னம்மா செஞ்சா? ஆபீஸ்ல கணக்கு எழுதறான்னு நெனச்சிருந்தேன்."

இங்கிலீஷ் பேச சொல்லித் தந்தாங்க என்றேன்.

"பேசவா? எங்க ஜெரினாவா?" என்றார். "சோறு போதுமான்னு கேட்டாக்கூட தலையத்தான் ஆட்டுவா. பதினாறு வருஷம் ஒரே வூட்ல இருந்தோம். அவ குரல் இப்ப எனக்கு ஞாபகம் வரல." சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அங்க எப்பிடிப் பேசுவா? ஒரு தரம் சொல்லிக் காட்டேன்."

என் வயிறு கலங்கியது. சுகன்யாவைப் பார்த்தேன், அவள் பேசக்கூடிய நிலையில் இல்லை. நான் எழுந்து நின்றேன். ஒவ்வொரு மாலையும் வகுப்புக்குள் வந்ததும் மேடம் முதலில் சொல்லும் வார்த்தைகளை, அவர் சொல்வது போலவே, நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் கொஞ்சம் நிறுத்தி, கடைசிச் சுவர்வரை கேட்கும்படி சொன்னேன்.

"குட் ஈவ்னிங், எவ்ரிபடி. ஐ யாம் ஹேப்பி டு சீ யூ ஆல்."

அண்ணி கண்களை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் என்றார். இன்னொரு தரம் சொன்னேன்.

மேடம், போய் வாருங்கள். உங்கள் வீட்டில் உங்கள் குரல் கேட்டது.